படத்துப் பிள்ளைகளுக்கு உடுப்பு வரைந்தவள்

கெசையா லோத்ராப் பென்ஹாலோவுக்கு இரண்டு வாரம் தங்கிப் போகத்தான் வந்தாள். 1848ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அது. அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில், மெய்ன் மாநிலக் கடற்கரையில் இருந்த அந்தச் சின்னத் துறைமுக ஊருக்குள் தொண்டை அடைப்பு நோய் நுழைந்து இருபது நாளில் பதினொரு பிள்ளைகளைக் கொண்டுபோயிருந்தது. நிலம் உறைந்து கல்லாகக் கிடந்ததால் குழி வெட்ட முடியவில்லை. மண் இளகும்வரை பிள்ளைகள் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பாதிரியார் சொல்லிவிட்டதால், வீட்டுக்கு வீடு நெருப்பு மூட்டாத ஓர் அறையில் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பிள்ளை கிடந்தது. பிள்ளை செத்தால் படம் எழுதி மாட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். படம் எழுதுகிறவர்கள் ஊர் ஊராகப் போவார்கள், பெண்கள் போவது அபூர்வம், ஆனால் பதினொரு வீட்டுக்காரர்களும் அப்போது ஆணா பெண்ணா என்று பார்க்கிற நிலையில் இல்லை.

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. அப்பா உள்நாட்டில் சாராயக்கடைகளுக்கும் சத்திரங்களுக்கும் பெயர்ப்பலகை எழுதியவர். சிங்கம், நங்கூரம், திராட்சைக்குலை, பனிச்சறுக்கு வண்டியின் பக்கப் பலகையில் பூங்கொடி, இவற்றை எழுதித்தான் கெசையா கை பழகினாள். பாஸ்டனில் ஓவியம் சொல்லித்தரும் ஒருவர், கோடை தொடங்கும்போது வந்தால் மாணவியாகச் சேர்த்துக்கொள்வதாக எழுதிய கடிதம் அவள் சாயப்பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்தது.

செத்த முகத்தைப் பார்த்து உயிரோடிருக்கும் முகத்தை எழுத வேண்டும், அதுதான் அந்த வேலை. கண் மூடியிருக்கும், ஆகவே கண் என்ன நிறம் என்று தாயிடம் கேட்க வேண்டும். சில தாய்மார் உடனே சொன்னார்கள், சிலர் வாய் திறக்க முடியாமல் இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டு அதன் கண்ணைக் காட்டினார்கள். முதல் வீட்டில் கெசையா அழுதுகொண்டே எழுதினாள், மூன்றாவது வீட்டில் எழுதி முடித்தபிறகு அழுதாள், ஆறாவது வீட்டில் அழுகை வரவில்லை, பதினோராவது வீட்டில் பிள்ளையின் கால்மாட்டில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டாள். தனக்குள் ஏதோ நின்றுபோனதை அவள் கவனித்தாள், கவனித்தபோது அதுவும் ஒரு செய்தியாகத்தான் இருந்தது, வெளியே பனி பெய்கிறது என்பதைப்போல.

பனியில் பாதை மூடிக் கிடந்ததால் எழுதி முடித்தும் அவள் அங்கேயே தங்கியிருந்தாள். ஏப்ரல் கடைசியில் மண் இளகியது, பதினொரு பிள்ளைகளையும் ஒரே வாரத்தில் அடக்கம் செய்தார்கள், பாதை காய்ந்ததும் புறப்படலாம் என்று கெசையா பெட்டியைக் கட்டி வைத்தாள். அப்போதுதான் பீப்பாய் செய்கிற அசாஹெல் டிரிங்க்வாட்டரின் மனைவி டோர்கஸ் அவள் தங்கியிருந்த அறைக்கு வந்து, வாசலிலேயே நின்றபடி, தன் பையன் லெமுவேலின் கால்சட்டை குட்டையாகிவிட்டது என்றாள்.

லெமுவேல் நான்கு வயதில் செத்தவன். படத்தில் அவனைப் பழுப்பு நிறச் சட்டையும் கணுக்கால்வரை கால்சட்டையுமாக, வலது கையில் தொப்பியோடு, ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் கெசையா நிற்க வைத்திருந்தாள். இப்போது போய்ப் பார்த்தபோது கணுக்காலுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குக் காலுறை தெரிந்தது, சட்டையின் கைகள் மணிக்கட்டைவிட்டு ஏறியிருந்தன. கன்னத்தின் குழந்தைச் சதை கொஞ்சம் வற்றியிருந்தது. அசாஹெல் பீப்பாய்ப் பலகை அளக்கும் கோலை எடுத்துவந்து படத்துப் பையனை உள்ளங்காலிலிருந்து உச்சிவரை அளந்தார், மார்ச்சில் அளந்ததைவிட முக்கால் அங்குலம் கூட இருந்தது. மார்ச்சிலேயே அவர் எதற்காக அளந்து வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"உடம்பு வளர்கிறது. உடுப்பு வளரவில்லை. நீங்கள்தான் இறக்கிவிட வேண்டும், மிஸ் லோத்ராப்," என்றாள் டோர்கஸ்.

கெசையா பழுப்பை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, கால்சட்டையை இரண்டு விரல் நீளம் இறக்கி எழுதிக் கொடுத்தாள், அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று. அந்த வாரத்துக்குள் மற்றப் பத்து வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டது. பதினோராவது வீட்டுப் பாவாடையை இறக்கி முடித்தபோது பாஸ்டன்காரர் சொன்ன கோடை பாதி போய்விட்டிருந்தது, முதல் வீட்டுப் பையனுக்குத் தோள் இறுக்கத் தொடங்கியிருந்தது.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. கடலில் போன கப்பல் மூன்று வருஷம் கழித்து வந்தாலும் வராவிட்டாலும் பழகிக்கொள்கிற ஊர்தானே. பாதிரியார் வேதத்தை இரண்டு முறை முழுதாகப் புரட்டிப் பார்த்து, இதற்கு ஆதரவாகவும் எதிராகவும் ஒரு வசனமும் இல்லை என்று கண்டு, பிரசங்கத்தில் இதைப்பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டார், ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பட்டியலில் பதினொரு பெயரையும் அடிக்காமல் வைத்திருந்தார். படங்களுக்கு எதிர்ச்சுவரில் எழுத்து அட்டைகள் மாட்டினார்கள். பிள்ளைகள் படித்தார்களா என்று யாருக்கும் தெரியாது, ஒரே அட்டை வெகுநாளாகத் தொங்கினால் மட்டும் முகத்தில் ஒரு சலிப்பு வந்தது. ஊரில் தட்டம்மை வந்த வருஷம் படத்திலும் சிவப்புப் புள்ளிகள் தோன்றி ஒன்பதாம் நாள் மறைந்தன. தலை படத்தின் மேல்விளிம்பை முட்டியபோது பாய்மரத்துணி தைக்கிற கிழவர் வந்து மேலே ஒரு துண்டுத் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்தார், அதனால் சில பிள்ளைகளின் நெற்றியில் குறுக்கே ஒரு தையல் ஓடியது, தாய்மார் அதை மச்சம்போல எடுத்துக்கொண்டார்கள். மக்கள்தொகை எண்ண வந்த அதிகாரி முதல் தடவை அவர்கள் பெயரை எழுதி அடித்தார். பத்து வருஷம் கழித்து வந்தவரோ யோசிக்காமல், வீட்டில் இருக்கிறார், தொழில் இல்லை, என்று எழுதிக்கொண்டு போனார்.

பாஸ்டனிலிருந்து கண்காட்சி நடத்துகிற ஒரு கனவான்கூட ஒருமுறை வந்தார். மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, நிறம் தட்டையாக இருக்கிறது, தூரமும் கிட்டமும் ஒன்றாக இருக்கிறது, இருந்தாலும் ஒன்றிரண்டை எடுத்துப்போய் வைக்கலாம் என்றார். துணைக்கு ஆள் இல்லாமல் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். கெசையா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினாள். வருத்தமாக இருந்ததா என்று டோர்கஸ் பிறகு கேட்டதற்கு, வருத்தம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் போய்ப் பார்க்கலாம் என்றாள். அவள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அப்படித்தான் பதினான்கு வருஷம் போயிற்று. வசந்தத்தில் கால்சட்டை இறக்குவது, இலையுதிர்காலத்தில் கம்பளிச் சட்டை எழுதுவது, பெண்பிள்ளைகளுக்கு வயது வந்தபோது பாவாடையைத் தரைவரை விட்டுக் கழுத்துப் பொத்தானைப் போடுவது, இவைதான் அவள் வேலை. முகத்தில் அவள் தூரிகை அதன்பிறகு படவே இல்லை. ஊரில் யாராவது அவளைப் புகழ்ந்தால், நான் ஒருமுறைதான் எழுதினேன், பிறகு அவர்களாகவே நடந்துகொண்டார்கள், என்பாள். தனியாகச் சாப்பிட்டாள், தனியாகக் கடற்கரையில் நடந்தாள், சனிக்கிழமை பிற்பகல்களில் மட்டும் டோர்கஸின் சமையலறையில் போய் உட்கார்ந்தாள். இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. டோர்கஸும் பிள்ளை செத்த நாளிலிருந்து அழாதவள், முதலில் அழ முடியாமல் இருந்தது, பிறகு படம் வளர ஆரம்பித்ததும் அழத் தேவையில்லாமல் போனது.

அப்புறம் வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை வந்தது. 1862 கோடையில் ஊர்ப் பையன்கள் வடக்குப் பட்டாளத்து நீலக் கோட்டு போட்டுக்கொண்டு தேவாலயத்து முன்னால் வரிசையாக நின்றார்கள், தாரை ஊதினார்கள், அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக எல்லா வீட்டுக்குள்ளும் போனது. படத்துப் பிள்ளைகளில் ஆறு பேர் ஆண்கள், எல்லாரும் பதினெட்டு தாண்டியவர்கள். அவர்களுடைய கண்கள் எதிர்ச்சுவரைவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பதை அந்த வாரமே வீட்டார் பார்த்தார்கள். அப்பாக்கள் ஒவ்வொருவராக கெசையாவிடம் வந்து, எல்லாப் பையன்களுக்கும் இருக்கிறது, நம்முடையவனுக்கும் ஒரு நீலக் கோட்டு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அவள் எழுதினாள். எது கேட்டாலும் எழுதுவதுதான் வழக்கம், பாவாடைபோலத்தான் இதுவும் என்று நினைத்தாள். ஐந்து வீட்டில் எழுதினாள். கடைசிப் பொத்தானை எழுதிய மறுநாள் காலையில் ஒவ்வொரு வீட்டிலும் படத்தில் தரைவிரிப்பும் நாற்காலியும் மட்டும் இருந்தன, பையன் இல்லை. வாசல் பனித்துளியில் பூட்ஸ் தடம் தெற்கே போயிருந்தது.

டோர்கஸ் மட்டும் வேண்டாம் என்றாள். அசாஹெல் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார், ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை என்றார், அவள் மீனைத் துண்டம் போட்டுக்கொண்டே இருந்தாள். லெமுவேல் பழைய பழுப்புச் சட்டையிலேயே இருந்தான். அந்தக் குளிர்காலத்தில் தோள்பட்டைத் தையல் வெடித்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவன் முகம் பக்கவாட்டில் திரும்பியது, பிப்ரவரியில் காது மட்டும் தெரிந்தது, மார்ச்சில் அவன் முழுதாகச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான், பிடரி மட்டும் தெரிந்தது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, தேநீர் ஊற்றும்போது டோர்கஸ் சொன்னாள்:

"கோட்டை எழுதிவிடு, கெசையா."

வேண்டாம் என்று சொல்ல வேண்டுமென்று கெசையாவுக்குத் தோன்றியது. அப்படி எதுவும் தோன்றி வெகுகாலம் ஆகியிருந்ததால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "இப்படியே இருந்தால் அவன் இங்கேயே இருப்பான்," என்றாள்.

"பிடரியைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? எழுது. கம்பளி கனமானதாக இருக்கட்டும்."

மற்ற வீடுகளில் மூன்று நாளில் முடித்ததை இந்த வீட்டில் பன்னிரண்டு நாள் எழுதினாள். முதுகுப்பக்கம் எழுத வேண்டியிருந்தது, ஒவ்வொரு தையலாக எழுதினாள். டோர்கஸ் பக்கத்தில் நின்று கழுத்துப்பட்டையை உயர்த்தச் சொன்னாள், உள்ளே இன்னொரு சட்டை தெரியவேண்டும் என்றாள், காலுறை இரண்டு ஜோடி என்றாள். ஒன்பதாம் நாள் அவன் திரும்பி நின்று பொத்தான்களுக்கு முன்பக்கத்தைக் காட்டினான். முகத்தில் மீசை அரும்பியிருந்தது. கடைசிப் பொத்தானை எழுதும் முன் கெசையா தூரிகையைத் தாழ்த்திக் காத்திருந்தாள். டோர்கஸ் அவனை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். மறுநாள் காலை நாற்காலிதான் இருந்தது.

படத்திலிருந்து போனவர்கள் கடிதம் எழுதவில்லை, எழுதத் தெரிந்ததா என்றும் தெரியாது. பட்டாளத்துப் பட்டியலில் அவர்கள் பெயர் எங்கேயும் வரவில்லை. சண்டை முடிந்த வசந்தத்தில் அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் ஒரு காலை படத்துக்குள் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருவனுக்கு வலது சட்டைக்கை காலியாக மடித்து ஊசி குத்தியிருந்தது. மற்ற மூன்று நாற்காலியும் டோர்கஸ் வீட்டு நாற்காலியும் காலியாகவே இருந்தன. டோர்கஸ் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் உருளைக்கிழங்கு உரித்தாள்.

மே மாதத்தில் ஐரா கோப் என்ற ஆள், ஊன்றுகோலோடு, மூன்று நாள் நடந்து பென்ஹாலோவுக்கு வந்து, பீப்பாய்க்காரர் டிரிங்க்வாட்டர் வீடு எது என்று கேட்டான். மலைப்பக்கத்துக் குதிரைக்காரன், இருபத்திரண்டு வயதிருக்கும். அன்று சனிக்கிழமை, கெசையா அங்கேதான் இருந்தாள். அவன் உட்காராமல், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தான் லெமுவேலோடு ஒரே கூடாரத்தில் ஒரு வருஷம் படுத்தவன் என்றும், போன வருஷம் இதே மாதம் வர்ஜீனியாவில் ஒரு காட்டுக்குள் நடந்த சண்டையில் லெமுவேல் செத்துப்போனான் என்றும் சொன்னான்.

டோர்கஸ் கேட்ட முதல் கேள்வி, அவன் குரல் எப்படி இருந்தது என்பதுதான். அவள் காதால் கேட்டிருந்தது அவனுடைய நான்கு வயதுக் குரலை மட்டும்தான்.

ஐரா கொஞ்சம் யோசித்தான். "அடித்தொண்டையில் பேசுவான், அம்மா. அதிகம் பேசமாட்டான். ஒவ்வொரு வார்த்தையையும் முதல்தடவை எடுத்துப் பார்க்கிற மாதிரி பேசுவான்."

பிறகு அவனாகவே சொல்லிக்கொண்டு போனான். மழையில் நனைந்தால் லெமுவேல்மேல் ஆளிவிதை எண்ணெய் வாசனை வரும், மற்றவர்கள் கேலி செய்வார்கள். முதன்முதலில் ஆப்பிள் தின்ற அன்று ஒருமணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். யாராவது பாடினால் பக்கத்தில் வந்து நிற்பான். வீடு எங்கே என்று கேட்டால், கிழக்கு ஜன்னலுக்கு எதிரே, என்பான். கடைசியில் ஐரா தொப்பியைப் பார்த்துக்கொண்டே, அவனுடைய இடது கையைப்பற்றிச் சொன்னான். அது பிறவியிலேயே அப்படியா என்று தெரியவில்லை, நான்கு விரலும் ஒட்டி ஒரே துண்டாக இருக்கும், கம்பளிக் கையுறை மாதிரி. அதனால் துப்பாக்கிக் குழலில் வெடிமருந்தைக் கோலால் இடிக்க அவனால் முடியாது, மற்றவர்கள் மூன்று தடவை சுடுவதற்குள் அவன் ஒருதடவைதான் சுடுவான்.

"எப்போதும் நான்தான் அவனுக்கு இடித்துக் கொடுப்பேன், அம்மா. அன்றைக்கு எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு மரம் இருந்தது."

அவனுக்குச் சூப்பும் ரொட்டியும் கொடுத்து, பக்கத்து அறையில் படுக்கை போட்டார்கள். அசாஹெல் பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், இழைப்புளி ஓடுகிற சத்தம் கேட்டது, எதை இழைத்தார் என்று தெரியாது. சமையலறையில் இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

சிங்கத்துக்கும் நங்கூரத்துக்கும் விரல் கிடையாது. அப்பாவிடம் கெசையா விரல் எழுதக் கற்கவில்லை, பாஸ்டனில் கற்றிருக்கலாம். பதினொரு பிள்ளைகளுக்கும் அவள் கையைத் திட்டாகத்தான் பூசியிருந்தாள், ஓரத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். ஒரு வீட்டுக்கு ஒரு நாள்தான் இருந்தது, அறை குளிராக இருந்தது, முகத்துக்கே நேரம் போதவில்லை.

"அந்தக் கை நான் செய்தது," என்றாள் கெசையா.

"தெரியும்."

"எனக்கு விரல் எழுதத் தெரியாது. அதனால்தான் அப்படி விட்டேன்."

"பதினைந்து வருஷம் நான்தானே அதைத் துடைத்தேன்," என்றாள் டோர்கஸ். "ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். உன்னிடம் சொல்லியிருக்கலாம். படத்தில் இருப்பவனுக்குக் கை எதற்கு என்று விட்டுவிட்டேன். நீ கோட்டு எழுதின பன்னிரண்டு நாளும் பக்கத்தில்தான் நின்றேன், காலுறையைச் சொன்னேன், கையைச் சொல்லவில்லை."

சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தலையைக் குனியாமல், நாற்காலியில் நேராக உட்கார்ந்தபடியே அழுதாள், விளக்கேற்றும் நேரம்வரை அழுதாள், நான்கு வயதுப் பையனுக்கும் இருபது வயதுப் பையனுக்கும் சேர்த்து. கெசையாவுக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் விறகு வைத்தாள், கெட்டிலை நிரப்பினாள்.

ஐரா கிளம்பிப்போன அன்று காலை அவள் காகிதமும் கரித்துண்டுமாக டோர்கஸ் வீட்டுக்கு வந்தாள். வந்துவிட்டாளே தவிர என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றாள். டோர்கஸ் அவள் கையிலிருந்ததைப் பார்த்தாள், சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டினாள், மேசையைத் துடைத்துவிட்டுத் தன் இடது கையை விரல்களை விரித்து அதன்மேல் வைத்தாள்.

"பார்," என்றாள்.

மூன்று வாரம் பார்த்தாள். மீன் வெட்டி வெட்டித் தடித்த கை, சுட்டுவிரலில் கத்தி பட்ட பழைய தழும்பு, மோதிரம் சதைக்குள் அமிழ்ந்திருந்தது. ஒவ்வொரு கணுவும் எங்கே மடிகிறது, கட்டைவிரல் எங்கே கிளம்புகிறது, நகம் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பிள்ளை எழுத்துப் படிப்பதுபோலப் படித்தாள். நூற்றுக்கும் மேல் கைகள் எழுதி அடுப்பில் போட்டாள். டோர்கஸ் சில நாள் அந்தக் கையால் வேலை செய்யாமல் இருந்தாள், சில நாள் வேலை செய்துகொண்டே எழுத விட்டாள். நாற்பத்து மூன்று வயதில் கெசையா முதல்முறையாக ஒரு கையை எழுதினாள், அது கைபோல இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவள் பெட்டிங்கில் என்ற விதவையின் வீட்டுக்குப் போனாள். அங்கே மகள் ரோடா படத்தில் இருந்தாள், இருபது வயது முடிந்திருந்தது. தரைவரை சாம்பல்நிறப் பாவாடை, தாடைவரை பொத்தான் போட்ட கழுத்துப்பட்டை, சண்டை நடந்த வருஷங்களில் யாருக்கும் பெண்பிள்ளைகளின் உடுப்பைப்பற்றி நினைக்க நேரமில்லாததால் மூன்று வருஷமாக மாற்றி எழுதாதது. மடியில் இரண்டு கையும் இரண்டு கையுறைபோலக் கிடந்தன. கெசையா நடந்ததைச் சொல்லி, அந்தக் கைகளைத் திருத்த அனுமதி கேட்டாள்.

விதவை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "திருத்தினால் அவளும் போய்விடுவாளா?"

"தெரியாது."

கூடையில் இருந்த கிழங்கு தீரும்வரை அவள் உரித்தாள். தோலைக் கூட்டி வாளியில் போட்டாள். "சரி, எழுது," என்றாள்.

பத்து விரலுக்கு ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் காலை, கெசையா கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது விதவை வந்து வாசலில் நின்றாள். ஓடி வந்திருக்கிறாள், தலையில் துணி இல்லை.

"கழுத்துப் பொத்தானைக் கழற்றியிருக்கிறாள்," என்றாள். "அவளாகவே. இரண்டு பொத்தான். நீ வந்து பழையபடி போட்டுவிட வேண்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கெசையா எழுந்து, தூரிகைப் பெட்டியை எடுக்காமலே அவளோடு நடந்தாள். ரோடா படத்தில்தான் இருந்தாள். வலது கை மடியைவிட்டு எழுந்து கழுத்தருகே இருந்தது, ஒரு விரல் மட்டும் தனியாகப் பட்டைக்குள் நுழைந்து அதைத் தளர்த்திப் பிடித்திருந்தது. பட்டை விலகிய இடத்தில், மூன்று வருஷமாகத் துணி அழுத்திய கழுத்தைச் சுற்றி, சிவப்பாக ஒரு தடம் இருந்தது.

கெசையா கிட்டப் போய் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். விதவை ஏதோ கேட்டாள், அது அவள் காதில் விழவில்லை.

"வலித்திருக்கும்," என்றாள் கெசையா.